இருபத்துநாலு ஓட்டை

அந்த ஓரத்து சீட்டு வேணாங்க. அடியில கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு, வேட்டியக் கிழிச்சிடும். இப்படி வந்து உக்காருங்க. பையை மடியிலயே வெச்சுக்குங்க. நான் ஒண்ணும் எடுத்துட மாட்டேன். ஆனா எடுத்துட மாட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் சொல்றேன். யாரா இருந்தாலும் மனசுல ஒரு சந்தேகம் இருக்கணும்.

பஸ்ஸு ஏன் இப்படி ஊரைச் சுத்துதுன்னுதானே கேட்டீங்க? கண்டக்டரக் கேட்டா பாலம் ரிப்பேருன்னு சொல்லிட்டுப் போயிடுவான். இருங்க, நான் சொல்றேன். எங்க கொண்டல்படுகைப் பாலத்துல ஏறினா டவுனு பன்னெண்டு நிமிசம். இப்ப மேக்கால உள்ள பழைய பாலத்து வழியா இருபத்துமூணு கிலோமீட்டர் சுத்துறாங்க. ஒன்றரை மாசமா இதான் கதி. புதுப் பாலத்துல குறுக்க பீப்பாயை உருட்டி வெச்சு அடைச்சுட்டாங்க, ஆடு மாடு கூடப் போவக்கூடாது. ஆமா, நீங்க பேப்பர்காரரு இல்லையே? ஆபீஸ் ஆளு? இல்ல, சட்டையில ரெண்டு பேனா இருக்கு, அதான் கேட்டேன். கோவிச்சுக்காதீங்க.

இன்னிக்கு எனக்கு டவுன்ல விசாரணை. பதினோரு மணிக்கு. குத்தவாளியா இல்லைங்க, சாட்சி. மொத சாட்சி. நான் வாயைத் தொறந்து என்ன சொல்றேனோ அதைப் பொறுத்துத்தான் ஒரு பொண்ணுக்கு வேலை இருக்கா போச்சான்னு முடிவாவும். அது பேரு ஜெசிந்தா. இஞ்சினீயரு. நாகர்கோயில் பக்கம். என்னை அண்ணாச்சின்னுதான் கூப்பிடும். நம்ம பக்கம் அண்ணாச்சின்னா மளிகைக் கடை வெச்சிருக்கிறவரு. நான் என்ன பருப்பா நிறுக்கிறேன்? மொத நாளே அதுல எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

எம்பேரு வேம்பையன். லஸ்கரா இருந்து ரிடையர் ஆனவன். லஸ்கருன்னா ஆத்துக்கரை, வாய்க்கா, மதகு இதையெல்லாம் பாத்துக்கிற ஆளு. வெள்ளம் வந்தா நீங்கள்லாம் வீட்டுக்குள்ள போவீங்க, நாங்க கரைமேல போவோம். முப்பத்தொரு வருச சர்வீஸ்ல என் கரையில ஒரு உடைப்பு கிடையாது. எழுதி வெச்சுக்குங்க. இல்ல, எழுத வேணாம், சும்மா கேட்டுக்குங்க.

உடைப்பு எப்படி வரும்னு நினைக்கிறீங்க? தண்ணி மேல வழிஞ்சா? அது எப்பவாச்சும். பெரும்பாலும் நண்டு. நண்டு வளை தோண்டி வெச்சிருக்கும், அது வழியா ஒரு வெரல் தண்டிக்குக் கசியும். அதை அப்பவே அடைக்கணும். வைக்கோலைப் பிரியா முறுக்கி, களிமண்ணுல பொரட்டி, சாக்குல சுத்தி உள்ள திணிச்சு, மேல ஒரு முளைக்கட்டைய வெச்சு அடிக்கணும். காலையில ஒரு வெரல் தண்டி, மத்தியானம் ஒரு தொடை தண்டி, சாயங்காலம் ஊரு இருக்காது. என் கண்ணால பாத்திருக்கேன், பக்கத்து ஆளு கரையில. மனுசன் சாப்பிடப் போயிருந்தான்.

இது இருக்கட்டும். பாலத்துக்கு வரேன். பாலம் கரையில வந்து உக்காருற எடத்துல எல்லா ஊர்லயும் என்ன இருக்கும்? கான்கிரீட்டு. எங்க பாலத்துல? மண்ணு! சிரிக்காதீங்க, நெசமாத்தான். ஒரு அடி மண்ணு, அதுமேல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வலை, மறுபடி மண்ணு, மறுபடி வலை. வெங்காய மூட்டை கட்டுறாங்கள்ல, அந்த வலையத் தடிமனாக்கினா எப்படி இருக்கும், அதான். முன்பக்கம் கல்லு அடுக்கியிருக்கு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சிமெண்டு கிடையாது. பாலத்தோட உத்தரம் அந்த மண்ணு மேலதான் நேரா உக்காந்திருக்கு. கட்டும்போதே தெனமும் போய் நின்னு பாத்தேன். சிமெண்டு எங்கய்யான்னு கேட்டேன். இது புது முறைன்னானுவ. புது முறைன்னு எவனாவது சொன்னா அங்க யாரோ எதையோ தின்னுட்டான்னு அர்த்தம்.

பாலம் தொறந்து ஆறு மாசத்துல இந்தப் பொண்ணு ஸ்கூட்டர்ல வந்து எறங்குது. செவரைத் தடவிப் பாக்குது, தட்டிப் பாக்குது, ஸ்கேல் வெச்சு போட்டோ புடிக்குது. மத்தியானம் பாலத்துக்கு அடியில தனியா உக்காந்து டப்பாவத் தொறந்து சாப்பிடுது. யாரும்மா நீன்னு போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, வெள்ளம் வாற எடத்துல இப்படி மண்ணும் வலையுமா கட்டினது இந்தப் பக்கத்துல இதுதான் முதல்ல. ஆறு ஏறி எறங்கும்போ இந்தச் செவரு என்ன செய்யுதுன்னு அஞ்சு வருசம் பாக்கணும். தெனமும் அளவெடுத்து எழுத ஊர்லயே ஒரு ஆளு வேணும். நீங்க லஸ்கரா இருந்தவருன்னு சொன்னாங்க"ன்னுது.

நான் என்ன நினைச்சேன்? ஒரு பாலம் நல்லா இருந்தா அதை எதுக்குத் தெனமும் அளக்கணும்? நல்லா இருக்கிற ஆளை யாராவது தெனமும் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கிட்டுப் போவாங்களா? இதுல என்னமோ இருக்குன்னு எனக்கு அப்பவே மூக்கு வேர்த்துடுச்சு. உள்ள இருந்து பாத்தாத்தான் தெரியும்னு, சரிம்மா நான் எழுதறேன்னு ஒத்துக்கிட்டேன். எங்க வீட்டுக்காரி ராசாம்பா கேட்டா, "வேலைக்குப் போறியா, வேவு பாக்கப் போறியா?" ரெண்டும்தான்னேன்.

வேலை பெரிசு இல்ல. செவத்துல ரெண்டு கல்லு சேர்ற எடத்துல ஒரு எஃகு ஸ்கேல் பதிச்சிருக்கு, செவரு நவுந்துச்சுன்னா அதுல தெரியும். பக்கத்துல கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கு, நவுந்தா அது வெடிச்சுடும். மேல ரோட்டோரத்துல ஒரு குழாய், செவத்துக்குப் பின்னால மண்ணுக்குள்ள அடி வரைக்கும் எறங்குது. அதுல ஒரு நாடாவ விடணும், தண்ணியத் தொட்டா கீச்சுன்னு கத்தும். மண்ணுக்குள்ள எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு அதுல தெரியும். அப்புறம் ஓட்டை எண்ணணும். எல்லாத்தையும் நோட்டுல எழுதி, போட்டோ எடுத்து அதுக்கு அனுப்பணும்.

நான் பால்பாயிண்ட் பேனாவுல எழுதுவேன். அது வந்து பாத்தா பென்சில்ல எழுதிக்கும். மழையில நனைஞ்சாலும் பென்சில் கரையாதாம். அழிக்கலாம்ல? அதைச் சொல்லாது. நான் விடுவேனா? அது பென்சில்ல எழுதுறதையெல்லாம் என் நோட்டுல பேனாவுல ஒரு காப்பி எழுதி வெச்சுக்கிட்டேன்.

ஓட்டைன்னேனே, அதான் விசயமே. செவத்துல இருபத்துநாலு ஓட்டை. கீழ பதினாலு, மேல பத்து. மூணு அங்குலக் குழாய். யாரும் குத்தினது இல்ல, கட்டும்போதே வெச்சது. மழை பேஞ்சா அதுலேருந்து தண்ணி ஒழுவும். மொத மழையில அதைப் பாத்த ஒடனே, மேடம், செவரு ஒழுவுதுன்னு போன் போட்டேன். அது சிரிக்குது! "ஒழுகட்டும் அண்ணாச்சி. மண்ணுக்குள்ள போன தண்ணி வெளிய வரணும்லா? ஒழுகலேன்னாத்தான் நமக்குப் பயம். கலங்கலா வந்தா மட்டும் உடனே எனக்குச் சொல்லுங்க"ன்னுது. கேட்டீங்களா கதைய? கரை கசிஞ்சா நல்லதாம், கசியலேன்னாத்தான் ஆபத்தாம். முப்பத்தொரு வருசம் ஆத்தங்கரையில கெடந்தவன் காதுல பூ சுத்துது.

அதோட விட்டுச்சா? இன்னொண்ணு சொல்லுச்சு. "ஆறு ஏறும்போ பயப்படாதீங்க. ஆத்துத் தண்ணியே செவரைத் தாங்கிப் புடிச்சுக்கிடும். எறங்கும்போதான் பாக்கணும். வெளிய தண்ணி எறங்கிரும், உள்ள தண்ணி நிக்கும், அது செவரை வெளிய தள்ளும். அப்போ இருபத்துநாலு ஓட்டையும் ஓடணும்." நான் தலைய ஆட்டினேன். மனசுக்குள்ள, ஏறும்போது நான் போய்த் தூங்கணும்னு சொல்லுதா, என்ன கணக்கு இதுன்னு யோசிச்சேன். உலகத்துல எந்த ஊர்லயாவது வெள்ளம் வடியும்போது கரை உடைஞ்சு கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்ல.

ஐப்பசி கடைசியில தண்ணி வந்துச்சு பாருங்க. மூணு நாளு. செவத்துல ஒம்போதாவது கல்லு வரைக்கும் ஏறி நின்னுச்சு. படுகையில இருந்த வாழையெல்லாம் தலை மட்டும்தான் தெரியுது. நான் குடையப் புடிச்சுக்கிட்டு அங்கேயே கெடந்தேன். வேளைக்கு வேளை அளந்தேன். ஸ்கேல் நவுறல. கண்ணாடி வெடிக்கல. அது தெனம் ரெண்டு தடவை போன் பண்ணும். "அண்ணாச்சி, சாப்பிட்டீங்களா? அளவு எப்படி?" சாப்பாட்டப் பத்தி எதுக்குக் கேக்குது? அளவக் கேக்குறதுக்கு முன்னால சாப்பாட்டக் கேட்டா நமக்கு மனசு எளகும்ல, அதுக்கு.

நாலாம் நாள் காலையில மேல அணையில ஷட்டர எறக்கிட்டாங்க. ஆறு மடமடன்னு வடியுது. ஒம்போது மணிக்கு ஆறாவது கல்லு, பத்து மணிக்கு நாலாவது கல்லு. கீழ எறங்கிப் போய்ப் பாத்தேன். இருபத்துநாலு ஓட்டையும் பீச்சுது. ஒழுவுறது இல்லைங்க, பீச்சுது. அதுவும் கலங்கலா, செம்மண்ணு கரைஞ்ச மாதிரி. உள்ள இருக்கிற மண்ணு பூராவும் வெளிய வருது, வலை மட்டும்தான் மிஞ்சப் போவுதுன்னு நினைச்சேன். இது எனக்குத் தெரிஞ்ச காட்சி. பக்கத்து ஆளு கரையில சாயங்காலம் பாத்தேனே, அதே காட்சி.

போன் போட்டேன். சத்தியமா போட்டேன், அதை விசாரணையில சொல்லுவேன். ஒரு மிஸ்டு கால் குடுத்தேன். அது எடுக்கல. பின்னால வந்த ராசாம்பா, "மிஸ்டு கால எப்படிய்யா எடுப்பாங்க? ஒழுங்கா அடிக்க விட்டு அந்தப் பொண்ணுகிட்ட கேளு"ன்னா.

"கேட்டா அடைக்காதேன்னுதான் சொல்லும்"னேன்.

"அப்படின்னா அடைக்காத."

"அடைக்காம விட்டா பாலம் போயிடும்டி."

"அது படிச்ச பொண்ணு. நீ லஸ்கரு."

பாத்தீங்களா, கட்டினவளே சொல்றா. அந்த வார்த்தைதான் எனக்கு ஏறிடுச்சு. வீட்டுக்கு ஓடி, மாட்டுக் கொட்டாயிலேருந்து ரெண்டு கட்டு வைக்கோலு, பழைய சாக்கு, நான் செதுக்கி வெச்சிருந்த முளைக்கட்டை, அதை அடிக்கிற கொட்டாப்புளி எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்தேன். களிமண்ணுக்குப் பஞ்சமா? கீழ பதினாலையும் முழங்கால் தண்ணியில நின்னு அடைச்சேன். மேல பத்துக்கு ஏணி. ராசாம்பா திட்டிக்கிட்டேதான் ஏணியப் புடிச்சா. ரெண்டு மணி நேரம். அறுபத்திநாலு வயசுக்கு ஒரு ஆளு செய்யிற வேலையா அது? ஒரு ஓட்டை கசியல. ஒண்ணு கூட! என் கை வேலை அப்படி. நடுவுல அது மூணு தடவை போன் பண்ணியிருக்கு, கொட்டாப்புளி சத்தத்துல கேக்கல. கரைமேல வேட்டிய விரிச்சு உக்காந்து ஒரு பீடி பத்த வெச்சேன் பாருங்க, அந்த மாதிரி ஒரு நிம்மதி எனக்கு சர்வீஸ்ல கூட வந்ததில்ல.

அப்புறம் போய் அளவெடுத்தேன். ஓடும் ஓட்டை சைபர். குழாயில தண்ணி, குழாய் வாயிலேருந்து ஒன்னேகால் மீட்டர் கீழ. எழுதினேன், போட்டோ எடுத்து அனுப்பினேன். நான் பொய் எழுதுற ஆளு இல்லைங்க. அடைச்சேன்னு எழுதலைதான். அடைச்சியான்னு ஒரு கட்டம் அந்த நோட்டுல இல்லையே.

ரெண்டு நிமிசத்துல போன் வருது. குரலே மாறிப் போயிருந்துச்சு. "அண்ணாச்சி, ஆறு எங்க நிக்கி?" ரெண்டாவது கல்லுன்னேன். "அப்போ குழாயில தண்ணி எறங்கலியே? ஓட்டை ஏன் ஓடல?" அதான் நின்னுடுச்சே மேடம், நல்லதுதானேன்னேன். அப்புறம் சொல்லுச்சு, "அண்ணாச்சி, பாலத்துல ஒரு வண்டியும் போவக்கூடாது. குறுக்க போய் நில்லுங்க. நான் வாறேன்."

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஆகா, மாட்டுச்சுடான்னு இருந்துச்சு. பாலம் நல்லாதான் இருக்குன்னு இத்தனை நாளு சொன்ன வாயாலேயே வண்டிய நிறுத்துன்னு சொல்லுது பாருங்க! குஷியா ஓடிப் போய் ரோட்டுக்குக் குறுக்க நின்னேன். ரெண்டே முக்கா பஸ்ஸு வந்துச்சு. உள்ள நாப்பது நாப்பத்தஞ்சு பேரு, வெள்ளத்தால சீக்கிரமே பள்ளிக்கொடம் விட்ட புள்ளைங்க வேற. டிரைவர் எங்க வம்சத்தையே இழுத்துத் திட்டினான். நான் அசையல. அந்த பஸ்ஸ நிறுத்தினது நான்தான், அதையும் எழுதிக்கச் சொல்லப் போறேன்.

நாலு மணிக்கு டப்புன்னு ஒரு சத்தம். கண்ணாடி. ஓடிப் போய் ஸ்கேலப் பாத்தேன், ஆறு மில்லி நவுந்திருக்கு. கால் மணி நேரத்துல பத்தொம்போது. செவரு நடுவுல வயிறு தள்ளிடுச்சு. ஏழு கல்லு பிதுங்கி வெளிய வந்துடுச்சு. மேல ரோடு ஒரு சாண் எறங்குது, அந்த ரோட்டு மேலதான் பஸ்ஸு போயிருக்கணும். நல்ல வேளை, டிரைவர் திட்டிக்கிட்டே திருப்பிக்கிட்டுப் போயிருந்தான். நான் அத்தனையும் அடைச்சும் செவரு தள்ளுதுன்னா இது எவ்வளவு மட்டமான வேலையா இருக்கும், நீங்களே சொல்லுங்க. நான் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுக்குள்ள ஊரே வந்துடுச்சு.

அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணு வந்துச்சு. நேரா செவத்துகிட்ட போச்சு, எல்லாரும் கிட்ட போவாதேன்னு கத்துறாங்க. என் முளைக்கட்டையப் பாத்துச்சு. அப்படியே நின்னுச்சு. திரும்பி என்னைப் பாத்துச்சு. அந்தப் பார்வைய எனக்குச் சொல்லத் தெரியல. திட்டுற பார்வை இல்ல. எங்கேயோ கெடந்த கடப்பாறைய எடுத்துக்கிட்டு வந்து என் கட்டைய ஒண்ணொண்ணா நெம்புது. மொத கட்டை வந்த ஒடனே தண்ணி மூஞ்சியில அடிச்சு மல்லாக்க விழுந்துச்சு. எந்திரிச்சு மறுபடி நெம்புது. யாரும் போவல. நானும் போவல. இருபத்துநாலையும் அதுதான் புடுங்குச்சு. மேல இருக்கிறதுக்கு என் ஏணியிலதான் ஏறிச்சு.

எங்க ஊரு சவுண்டு சர்வீஸ்காரன் அதைப் படம் புடிச்சுட்டான். அது கடப்பாறையால குத்துறதும் தண்ணி பீய்ச்சி அடிக்கிறதும் மட்டும்தான் படத்துல இருக்கு. பாலத்தை இடிச்ச இஞ்சினீயருன்னு எழுதி விட்டான். மூணு நாள்ல ஜில்லா பூராவும் பாத்துடுச்சு. அப்பவே சஸ்பெண்டு பண்ணிட்டாங்க. என்கிட்டயும் கேட்டானுவ, ஆமா, நல்லா இருந்த செவரைக் குத்திச்சுன்னு நானும்தான் சொன்னேன். நான் ஏன் மறைக்கிறேன், சொன்னேன்.

இப்ப கேளுங்க, அநியாயத்தை. போன வாரம் சாட்சிக்கு வரச் சொல்லி எனக்குக் காயிதம் வந்துச்சு. அதோட அது எழுதிக் குடுத்த வெளக்கமும் ஒரு காப்பி. அதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'வெள்ளத்தில் அடித்து வந்த குப்பைகள் வடிகால் துளைகளை அடைத்துக்கொண்டன.' குப்பை! எப்படி இருக்கும் எனக்கு? முளைக்கட்டை அடிச்சு, சாக்கு சுத்தி, வைக்கோலும் களிமண்ணும் வெச்சு ஒரு சொட்டுக் கசியாம அடைச்ச வேலைய, கண்ணால பாத்துட்டு, கையால புடுங்கிட்டு, குப்பைன்னு எழுதுது. எந்த ஊருக் குப்பையாவது கொட்டாப்புளி எடுத்துக்கிட்டு வருமா?

ராசாம்பா படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு அழுவுறா. ஏன்டி அழுவுறேன்னா, "மனுசா, அந்தப் பொண்ணு உன்னைக் காப்பாத்தியிருக்கு. உம்பேரச் சொல்லியிருந்தா பொதுச் சொத்த நாசம் பண்ணினேன்னு உன்மேல கேசு, பென்சனும் போயிருக்கும். அந்த சைபர் எழுதின பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு, போய்க் குப்பைன்னு சொல்லிட்டு வா"ங்கிறா.

நேத்து மத்தியானம் அதுவே போன் பண்ணுச்சு. "அண்ணாச்சி, நாளைக்கு நீங்களும் குப்பைன்னே சொல்லிருங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது. எனக்கு நான் பாத்துக்கிடுதேன். அன்னிக்கு வந்த கலங்கல் ஆத்து வண்டல்தான், செவத்து மண்ணு இல்ல. எனக்கும் உங்களுக்குச் சரியாச் சொல்லித் தரத் தெரியல, ஓட்டை எதுக்குன்னு ஒரு நாள் உக்காந்து சொல்லியிருக்கணும்"னுது. சொல்லத்தான் சொல்லுச்சு. ஒண்ணுக்கு நாலு தடவை சொல்லுச்சு. நான்தான் தலைய ஆட்டினேன்.

நீங்களே சொல்லுங்க, ஒரு மனுசி ஏன் இப்படிச் செய்யணும்? இதுல என்ன லாபம் அதுக்கு? ஒரு வாரமா இதேதான் எனக்கு யோசனை. காண்ட்ராக்டர் சொந்தக்காரனான்னு விசாரிச்சேன். இல்ல. இந்தப் பக்கம் நெலம் கிலம் வாங்கியிருக்கான்னு கேட்டேன். இல்ல. எங்க ஊர்ல ஓட்டு கேக்கப் போவுதோன்னு கூட நினைச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் அம்புடல. சர்வீஸ்ல இருந்தப்ப மதகுச் சட்டம் ஒடைஞ்சா மேல உள்ளவன் எம்மேல எழுதுவான், நான் எனக்குக் கீழ உள்ளவன்மேல எழுதுவேன். எனக்காக எவனும் ஒரு வரி எழுதினதில்ல. அதான் எனக்குப் புரியல. பயமா இருக்குங்க. நெசமாவே பயமா இருக்கு.

ராத்திரி தூக்கம் புடிக்காம காலையில எந்திரிச்ச ஒடனே நோட்ட எடுத்தேன். இதோ, பையிலதான் இருக்கு. நீங்களும் பாருங்க. கையில குடுக்க மாட்டேன், இப்படியே பாருங்க. இது அன்னிக்கு மத்தியானம். ஓட்டை சைபர், குழாயில தண்ணி ஒன்னேகால் மீட்டர். இது அது புடுங்கினப்புறம் ஏழு மணிக்கு நான் அளந்தது. குழாயில தண்ணி மூணே முக்கா மீட்டருக்குக் கீழ போயிடுச்சு. ஸ்கேலு? இருபத்தொண்ணு. மறுநாள் இருபத்தொண்ணு. அதுக்கு மறுநாள் இருபத்தொண்ணு. நாப்பத்திரெண்டு நாளா இருபத்தொண்ணு. யாரும் அளக்கச் சொல்லல, சம்பளமும் இல்ல, நானாத்தான் போய் அளக்குறேன். அது புடுங்கின நிமிசத்துலேருந்து செவரு ஒரு நூல் நவுறல. அது பென்சில்ல எழுதியிருந்தா அழிச்சு எழுதிடுச்சுன்னு சொல்லிடுவேன். இது என் கையெழுத்துங்க. பேனாவுல.

வேற காரணமும் இருக்கலாம். ஆறு வத்திப் போனதால நின்னிருக்கலாம். அப்படியும் யோசிச்சுப் பாத்தேன். ஆனா ஆறு அதுக்கு முன்னாலேயே வத்திடுச்சு, செவரு அப்புறம்தானே தள்ளுச்சு. சரி விடுங்க. தண்ணி வெச்சிருக்கீங்களா? நீங்க மொதல்ல ஒரு வாய் குடிச்சுட்டுக் குடுங்க.

டவுனு வந்துடுச்சு. அதோ, அந்த ஆபீஸ் வாசல்ல கறுப்புப் பையோட நிக்குது பாருங்க, ஒல்லியா. அதான். வலது கையில கட்டுப் போட்டிருக்கு, கடப்பாறை நெம்பினதுல மணிக்கட்டு போயிடுச்சாம். பஸ்ஸத்தான் பாக்குது. நான் வரேனா இல்லையான்னு பாக்குது போல.

என்ன சொல்லப் போறேன்னு கேக்குறீங்களா? குப்பைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. இருபத்துநாலையும் நான்தான் அடைச்சேன், வைக்கோலு என் வீட்டு வைக்கோலு, கட்டை நான் செதுக்கின கட்டை, ஓட்டை ஓடணும்னு அந்தப் பொண்ணு சொன்னதைக் கேக்காம அடைச்சேன், அது வந்து புடுங்கலேன்னா உத்தரம் ஆத்துல கெடந்திருக்கும்னு சொல்லிட்டு நோட்ட மேசைமேல வெக்கப் போறேன். கேசு போட்டா போடட்டும். ராசாம்பாவுக்கு இன்னும் தெரியாது.

ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. குப்பைன்னு எழுதினா இந்தக் கெழவனுக்கு ரோசம் வந்து தானா வந்து உண்மையச் சொல்லிடுவான்னு தெரிஞ்சேதான் அது அப்படி எழுதியிருக்குமோ? இருக்கும்ல? இருந்தாலும் இருக்கும். கால ஒதுக்குங்க, எறங்கணும். அந்தப் பொண்ணு வெயில்ல நிக்குது.